அப்பா, டி.வி. வந்திருக்கு!

காயலான் கடைக்காரர் சுத்தியலை ஓங்கிவிட்டார். இன்னும் இரண்டு விநாடி போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனைக் கடைக்குப் பழைய பேப்பர் போடப் போயிருந்தேன். கடை வாசலில் நான்கு கால்களோடு ஒரு மரப்பெட்டி. முன்பக்கம் இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற பலகைக் கதவு, அதற்குப் பூட்டு. பீரோவுக்குத் தம்பி மாதிரி இருந்தது. இடுக்கில் எட்டிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கண்ணாடி. பிக்சர் டியூப்!

"அண்ணே, நில்லுங்க! என்ன பண்ணப் போறீங்க?"

"இன்னா பண்றது? ட்யூப் கழுத்துல சுத்திக்கிற காயில்ல காப்பர் கீது சார். மத்ததெல்லாம் வேஸ்ட்டு. பலகை வோணும்னா சொல்லு, தனியா உட்ச்சித் தர்றேன்."

"முழுசா என்ன விலை?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பத்து நிமிட பேரத்துக்குப் பிறகு ஆயிரத்து இருநூறு ரூபாய் கைமாறியது. நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்று ஒரு சமாசாரம் உண்டு. வருஷா வருஷம் பொருளின் மதிப்பைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். அந்தக் கணக்குப்படி இந்தப் பெட்டியின் மதிப்பு எப்போதோ பூஜ்யத்துக்கு வந்திருக்கும். படித்ததை வாழ்க்கையில் பயன்படுத்துகிறவன் எவன்?

ஆட்டோக்காரர் நானூறு கேட்டார். "அரை கிலோமீட்டருக்கா?" என்றேன். "தூரத்துக்கு இல்ல சார், வெயிட்டுக்கு" என்றார். நியாயம்தான். அதை இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

வாசலில் வைத்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "இதுல ஓ.டி.டி. வருமா?" அம்மா கேட்டது: "இதுக்குப் பதிலா ஒரு கட்டில் வாங்கியிருக்கலாம்ல?" அப்பா மட்டும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியின் மேல்பலகையில் ஊதுவத்தி சுட்ட தழும்பு ஒன்று, எட்டணா அளவுக்கு இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்கேர்ந்து கொண்டாந்தே?"

"தெருமுனையில, காயலான் கடையிலேர்ந்துப்பா."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார். குப்பையைக் கொண்டுவந்து போட்டதில் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டி எந்தக் கம்பெனி என்பதில் ஒரு சிக்கல். முன்னால் இருந்த பெயர்த் தகடு விழுந்துவிட்டது. ஒட்டியிருந்த அடையாளம்தான் மிச்சம். பக்கத்து வீட்டுத் தாத்தா, "சாலிடேர்தான், சந்தேகமே இல்ல" என்றார். எதிர்வீட்டு மாமி, "எங்க வீட்ல டயனோரா இருந்ததுப்பா, அச்சு அசல் இதே மூஞ்சி" என்றார். இரண்டுமே நம்ம மெட்ராஸ் தயாரிப்பு என்பதால் ஊர்ப்பெருமைக்குப் பங்கமில்லை. இரண்டு நாள் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதித்தது.

விவாதத்தில் பல பழைய கதைகள் வெளியே வந்தன. டெல்லியில் 1959-லேயே டி.வி. வந்துவிட்டாலும் நம் ஊருக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான். அப்போது டி.வி. வைத்திருக்க லைசென்ஸ் எடுக்க வேண்டும், தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை சினிமா என்றால் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. கறுப்பு வெள்ளை அலுத்துப்போனவர்கள் திரைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தாளை மாட்டுவார்களாம். மேலே நீலம், நடுவில் ரோஸ், கீழே பச்சை. செய்தி வாசிப்பவர் நீல நெற்றியும் பச்சைக் கழுத்துமாக வந்து வணக்கம் சொல்வார். நாங்கள் கலர் டி.வி. பார்க்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம்.

கலர் வந்தது 1982-ல். அப்புறம் கேபிள் வந்தது. 2006-ல் அரசாங்கம் இலவசமாகப் பதினாலு இஞ்ச் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்ததும், பரணில் மிச்சம் மீதி இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் கீழே இறங்கின. இறங்கியவை நேராகப் போன இடம் காயலான் கடை.

பெட்டியைப் பிழைக்க வைக்க ஆள் வேண்டுமே! ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு பெரியவர் இருப்பதாகச் சொன்னார்கள். வயது எழுபத்தைந்துக்கு மேல். ஒரு காலத்தில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் சைக்கிளில் போய் டி.வி. ரிப்பேர் பார்த்தவர். ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது, இன்னொன்று பாக்கி.

"வால்வு செட்டா? இன்னும் உயிரோட இருக்கா?" என்றார். யாரோ பால்ய சிநேகிதனைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தது.

வந்தார். பின்பலகையைக் கழற்றினார். உள்ளே கரப்பான் முட்டை, ஒரு பல்லியின் எலும்புக்கூடு, 'சி.எஸ்.' என்று பென்சிலில் எழுதிய ஒரு சீட்டு. எல்லாவற்றுக்கும் மேல் துரு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் இது. உப்புக்காற்று எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியையே தின்னும், டி.வி.யின் தகரச் சட்டம் எம்மாத்திரம்?

நான் ஆர்வக் கோளாறில் கையை உள்ளே விடப் போனேன். புறங்கையில் ஒரு போடு போட்டார்.

"தம்பி, இதுல படம் ஓடறப்ப ட்யூபுக்குப் போற கரண்டு பதினஞ்சாயிரம் வோல்ட்டுக்கு மேல. ஆஃப் பண்ணினாலும் ட்யூப் அதைப் பிடிச்சு வெச்சிருக்கும். மொதல்ல அதை இறக்கணும். உனக்குப் புள்ளகுட்டி இருக்கு இல்ல?"

இன்ஷுரன்ஸும் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான்கு மாதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் எடுபிடி, அவர் டாக்டர். அந்த நான்கு மாதத்தில் மூன்று வருஷக் கல்லூரியில் கற்றதைவிட அதிகம் கற்றேன்.

வால்வு என்பது கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு குட்டி அடுப்பு. அடுப்பு சூடானால்தான் எலக்ட்ரான் கிளம்பும், வேலை நடக்கும். அதனால்தான் அந்தக் காலத்துப் பெட்டியில் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். முதலில் சத்தம் வரும், அப்புறம் மெதுவாகப் படம் வரும். இந்தக் குட்டி அடுப்புகள் எல்லாம் ஒரே வரிசையில் கோத்திருக்கும். கோயில் திருவிழாவில் சீரியல் செட் பார்த்திருப்பீர்களே, ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் அணையும். அதே கதைதான். எங்கள் பெட்டியில் பி.ஒய்.88 என்ற வால்வில் இழை அறுந்திருந்தது. ஒன்று போனதற்கு எல்லாமே இருட்டு.

அதைத் தேடி ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "வால்வா? தண்ணிக் குழாய்க்கா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். பாவம், அவன் பிறந்தது டச் ஸ்கிரீன் காலத்தில். கடைசியில் ஒரு பழைய ரேடியோக்காரர் பெஞ்சுக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டி ஒன்றை இழுத்தார். உள்ளே காகிதத்தில் சுற்றிய வால்வுகள். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்தவை, பிரிக்காத அட்டையோடு! "1985-ல மூர் மார்க்கெட் எரியாம இருந்தா நான் உனக்கு மூட்டையாவே வாங்கித் தந்திருப்பேன்" என்று பெருமூச்சு விட்டார்.

அடுத்து கண்டென்சர்கள். அத்தனையும் வயசாகி ஒழுக ஆரம்பித்திருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றி, புதுசு வைத்தோம். பெரியவருக்குக் கண் தெரியவில்லை. எனக்குக் கை நடுங்கியது. அவர் சொல்ல நான் பற்ற வைப்பேன். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு மெக்கானிக் தேறியது.

கரண்டு கொடுப்பதற்கு முன் குண்டு பல்பு கேட்டார். டி.வி.யோடு நூறு வாட்ஸ் பல்பை வரிசையில் போட்டுக் கரண்டு கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கினால் பெட்டி பிழைக்கும். பளிச்சென்றே நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட். எல்.இ.டி. யுகத்தில் குண்டு பல்புக்கு எங்கே போவேன்? கடைசியில் அது கிடைத்தது ஒரு கோழிக்கடையில். குஞ்சுகளின் சூட்டுக்காக மாட்டியிருந்ததைக் கெஞ்சிக் கடன் வாங்கி வந்தேன்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மெல்ல மங்கியது. வால்வுகள் ஒவ்வொன்றாகச் செந்நிறத்தில் கண் விழித்தன. பல்பை எடுத்துவிட்டு நேர் கரண்டு கொடுத்ததும் என் ஆறு வயது மகள் காதைப் பொத்திக்கொண்டு, "கீச்னு கத்துது!" என்றாள். எனக்கு லேசாகத்தான் கேட்டது. பெரியவருக்குக் கேட்கவே இல்லை. திரையில் ஒரு படத்துக்கு 625 கோடு, விநாடிக்கு 25 படம். பெருக்கினால் 15,625. அந்த வேகத்தில் பெட்டி அதிரும் சத்தம் அது. வயசாக ஆகக் காதுக்கு அது எட்டாது. "பாப்பாவுக்குக் கேக்குதா? அப்ப லைன் செக்ஷன் ஓடுது!" என்று பெரியவர் குதூகலித்தார். அன்றிலிருந்து என் மகள்தான் எங்கள் டெஸ்டிங் மீட்டர்.

திரையில் வந்தது படமல்ல. நட்டநடுவில் ஒற்றை வெள்ளைக் கோடு. "பி.சி.எல்.805. மேலயும் கீழயும் விரிக்கிற வால்வு படுத்திருக்கு" என்றார். அதையும் மாற்றினோம். கோடு விரிந்து திரை முழுக்கப் புள்ளி மழை பெய்தது. மாமி கைதட்டினார்.

ஆனால் படம்? ஆண்டெனா போட்டுப் பிடிக்க ஆகாயத்தில் ஒன்றுமில்லை. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் ஒளிபரப்பை, ஒரு சில இடங்களைத் தவிர, 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிட்டது. எனவே மாடுலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா வாங்கினேன். டி.வி.டி. பிளேயரிலிருந்து வருகிற படத்தைப் பழைய சேனல் அலையாக மாற்றிக் கொடுக்கும். பெட்டிக்கு என்னவோ இன்னும் சுவாமி சிவானந்தா சாலையிலிருந்துதான் படம் வருகிறது என்று நினைப்பு.

எல்லாம் சரியானது, ஒன்றைத் தவிர. சுவிட்சும் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்த நாப், முன்பக்கத்தில் முதல் நாப், அது மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் ஓர் இரும்புக் கம்பி துருத்திக்கொண்டிருந்தது. கம்பி முழுக்கக் கட்டிங் பிளேயர் கடித்த தழும்பு. யாரோ பல வருஷம் பிளேயரால் திருகியிருக்கிறார்கள். நான் ஷாம்பு பாட்டில் மூடியை மாட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் பெட்டிக்குப் பொடுகு நீங்கும் தோற்றம் இருந்தது. பிறகு கழன்று விழுந்தது.

"இருக்கட்டும் ஐயா, அழகு கொஞ்சம் கம்மி, அவ்வளவுதானே" என்றேன்.

பெரியவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அழகுக்கா நாப்பு? இந்த செட்டுல டிரான்ஸ்பார்மர் கெடையாது தம்பி. வீட்டுக் கரண்டோட ஒரு ஒயர் நேரா இந்தத் தகரத்துல வந்து நிக்கும். ரெண்டு பின் பிளக்கு. திருப்பிச் சொருகினா தகரம் பூரா பேஸ். இந்தக் கம்பியும் அதே தகரத்துலதான் நிக்குது. அதைத் தொடாம இருக்கத்தான் நாப்பு. அந்த வீட்ல எந்தப் புள்ள இதைத் தொட்டு எப்படித் தப்பிச்சுதோ!"

அதனால்தான் தனியாக ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று காயில் கட்டும் கடையில் சொல்லிச் செய்ய வைத்தார். பிளக்கின் ஒரு பின்னுக்கு என் மனைவியின் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டும் வைத்தார்.

திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து உள்ளே போனதை நான் கவனிக்கவில்லை. பரணில் டிரங்குப் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் ஒரு பிஸ்கட் டின். அதிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கறுப்பு நாப். நடுவில் பொன் நிறத்தில் வட்டத் தகடு.

பெரியவர் வாங்கிக் கம்பியில் வைத்து அழுத்தினார். 'டக்'கென்று உட்கார்ந்தது.

அப்பா பிட்டராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வளவளவென்று பேசுகிறவரல்ல. அன்று பேசினார்.

1979. அப்பாவுக்கு வயது பதின்மூன்று. எங்கள் தெருவிலேயே முதல் டி.வி. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த ஒருவர் வீட்டில் இருந்தது. அவர் மகன் அப்பாவுக்கு இரண்டு வயது சின்னவன், உயிர்த் தோழன். ஞாயிற்றுக்கிழமை படத்துக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டுக் கூடத்தில்தான். பிள்ளைகள் வருவது நேராகக் கடற்கரையிலிருந்து. கூடம் முழுக்க மணல். பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போன அந்த வீட்டு அம்மாள் ஒரு நாள் அப்பாவை வாசலில் நிறுத்தி, "மணல் காலோட உள்ள வராதே, போ" என்று சொல்லிவிட்டார். அப்பா தெருக்குழாய்க்கு ஓடிப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஜன்னலும் சாத்தியிருந்தது. உள்ளே படம் முடிகிற வரைக்கும் ஈரக் காலோடு வாசலில் நின்றிருக்கிறார்.

மறுநாள் ஏதோ வாங்கி வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூடத்தில் ஆளில்லை. பெட்டிக் கதவு திறந்திருந்தது. நாப்பைப் பிடித்து இழுத்தார், வந்துவிட்டது. டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு நாள் கழிச்சு வெச்சுடலாம்னுதான் இருந்தேன். ஆனா அன்னிக்குச் சாயந்திரமே... தொலைச்சது அவன்தான்னு அவங்கப்பா அவனைப் போட்டு அடிச்சார். அழுதுகிட்டே போய் டி.வி. போட அந்தக் கம்பியைப் பிடிச்சிருக்கான். தூக்கிச் செவுத்துல அடிச்சிடுச்சு. பேச்சு வர அரை மணி நேரம் ஆச்சு. நாப்பு என் பாக்கெட்லதான் இருந்தது."

பிறகு எப்படிக் கொடுப்பது? அப்ரண்டிஸாகக் கம்பெனியில் சேர்ந்தபோது பாதுகாப்பு வகுப்பில் மின்சாரம் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்களாம். அன்றைக்குத்தான் தான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்ததாம். தோழனின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அவன் அப்பா இறந்தபோது தோள் கொடுத்திருக்கிறார். சொல்ல மட்டும் முடியவில்லை. தோழன் வீட்டை விற்றுவிட்டு மாதவரம் போனபோதுதான் பெட்டி காயலான் கடைக்கு வந்திருக்கிறது. ஊதுவத்தித் தழும்பைப் பார்த்ததும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

யாரும் பேசவில்லை. பெரியவர்தான், "போன் நம்பர் இருக்கா?" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து. போனில் அப்பா, "ஒரு சாமான் பார்க்கணும், வாடா" என்று மட்டும் சொல்லியிருந்தார். கூடத்தில் பெட்டியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"டேய்... எங்க வீட்டுதாடா?"

அப்பா கிட்டே போய் எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றும் விடாமல். பாதிக்கு மேல் அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, நாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றார். எனக்கு, இந்தப் பெட்டியை நான் வாங்கியிருக்கவே கூடாதோ என்று தோன்றியது.

"அந்த நாப்பைத் தேடி நாலு நாள் கட்டில் அடியில படுத்துக்கிடந்தேன்டா," என்றார் கடைசியில். "எங்கப்பா சாகற வரைக்கும் நான்தான் தொலைச்சேன்னு சொல்லிக்கிட்டிருந்தார்."

அப்பா தலையைத் தூக்கவில்லை. சிரித்து மன்னிக்கிற காட்சி ஒன்று வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, "படம் தெரியுதா?" என்று கேட்டார்.

"நீயே போட்டுப் பாரேன்" என்றார் அப்பா.

அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வருவதற்கு முன் காலை மிதியடியில் அழுத்தி அழுத்தித் துடைத்தார். அவருடைய அம்மா பழக்கியது போலிருக்கிறது. அப்பாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"வாடா உள்ள. மணலா இருக்கு இப்ப?"

உண்மைதான். போன நூற்றாண்டுக்கும் முன்னால் துறைமுகச் சுவர் எழும்பிய நாளிலிருந்து, வடக்கே வரவேண்டிய மணலையெல்லாம் அது தெற்கேயே தடுத்து வைத்துக்கொண்டது. அங்கே மெரினா அகலமானது. இங்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையைக் கடல் தின்றது. அப்பாவும் அவரும் ஓடி விளையாடிய கடற்கரை இருந்த இடத்தில் இப்போது கருங்கல் குவியல்தான். காலில் ஒட்ட ஒரு பிடி மணல் கிடையாது.

அவர் நாப்பைத் திருப்பினார். ஒரு நிமிஷம் இருட்டு. முதலில் சத்தம் வந்தது, அப்புறம் மெதுவாகப் படம்.

இதுவரை செலவு பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகியிருக்கிறது. மனைவி கணக்குக் கேட்கிறாள். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விட்டு வைத்திருக்கிறேன். அவர் போன வாரமும் வந்தார். அப்பாவோடு அதிகம் பேசவில்லை. படம் முடிகிற வரை இருந்துவிட்டு, "அடுத்த ஞாயிறு என்ன படம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.